மைக்கல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ அட்டையை வரைந்த கை: ஓவியர் மார்க் ரைடனின் பயணம்

1991 நவம்பரில் மைக்கல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ இசைத்தொகுப்பு வெளிவந்தது. அந்தக் கேசட்டைக் கையில் வைத்துப் பார்த்தவர்கள் அதன் அட்டையை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். உலகமே அறிந்த பாடகரின் முழு முகம் அதில் இல்லை. பொன்னிற வேலைப்பாடுகள் நிறைந்த ஒரு விசித்திர முகப்புக்குப் பின்னாலிருந்து அவருடைய இரண்டு கண்கள் மட்டும் நம்மைப் பார்க்கும். ஒரு பக்கம் அரியணையில் நாய்த்தலை கொண்ட அரசன். மறுபக்கம் பறவைத்தலை கொண்ட அரசி. நடுவில் தலைகீழாகத் தொங்கும் உலக உருண்டை. மேலே ஜாக்சன் வளர்த்த ‘பப்பிள்ஸ்’ என்ற மனிதக் குரங்கு. கீழே பழைய அமெரிக்கச் சர்க்கஸ் முதலாளி பி.டி. பார்னம், அவர் தலைமேல் ஒரு குள்ள மனிதர்.

அதே பெயரில் நடந்த உலக இசைப்பயணம் 1993இல் சிங்கப்பூர்த் தேசிய விளையாட்டரங்கத்துக்கும் வந்தது. பாட்டு தெரியும், பாடியவரைத் தெரியும். அட்டையை வரைந்தவர் யார் என்று கேட்டால்தான் பலருக்கும் பதில் வராது.

அவர் பெயர் மார்க் ரைடன். அப்போது அவருக்கு வயது 28. சொன்ன வேலையைச் சொன்ன தேதிக்குள் வரைந்து கொடுத்துக் கூலி வாங்கும் விளம்பர ஓவியராக இருந்தார். இன்று அவருடைய அசல் ஓவியங்கள் அரும்பொருளகங்களில் தொங்குகின்றன. ‘பாப் சர்ரியலிசம்’ என்ற ஓவிய வகைக்கே அவரை ஞானத்தந்தை என்று ‘இன்டர்வியூ’ சஞ்சிகை குறிப்பிட்டது. இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையில் அவர் கடந்துவந்த தூரம் சாதாரணமானதல்ல. படம் வரைவதில் கெட்டிக்காரப் பிள்ளை வீட்டில் இருக்கும் எந்தக் குடும்பமும் தெரிந்துகொள்ளத்தக்க கதை அது.

கார்களுக்குச் சாயம் பூசிய தந்தை

ரைடன் 1963 ஜனவரியில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள மெட்ஃபோர்ட் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது தெற்குக் கலிபோர்னியாவில். அவருடைய தந்தை பழைய கார்களைப் புதுப்பித்து, சாயம் பூசி, வாடிக்கையாளர் கேட்கும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும் தொழில் செய்தவர். மார்க்கின் சகோதரர் கீத் ரைடனும் ஓவியரானார்.

தந்தையின் தொழிலைக் குறிப்பிடக் காரணம் உண்டு. ரைடன் பின்னாளில் சேர்ந்த ஓவியக் கூட்டமே கலிபோர்னியாவின் கார்ப் பட்டறைகளிலிருந்து முளைத்தது. 1950, 60களில் அங்கே இளைஞர்கள் பழைய கார்களை வாங்கி, வேகமாக ஓடும்படி மாற்றி, உடம்பில் தீச்சுவாலையும் பூதங்களும் வரைந்து ஓட்டுவார்கள். இந்தத் துறையில் எட் ரோத் என்பவர் மிகப் பெரிய பெயர். ‘ரேட் ஃபிங்க்’ என்ற அழுக்குப் பிடித்த, பல்லிளிக்கும் எலியை வரைந்து புகழ்பெற்றவர். மிக்கி மவுஸ் எவ்வளவு சுத்தமோ, இது அவ்வளவு அசிங்கம். பையன்கள் அதைச் சட்டையில் அச்சிட்டுப் போட்டுக்கொண்டார்கள்.

ரோத்தின் பட்டறையில் 1965 முதல் வேலை செய்த ஓவியர் ராபர்ட் வில்லியம்ஸ். எண்ணெய் வண்ணத்தில் நல்ல பயிற்சி உள்ளவர். ஆனால் அவர் வரைந்ததெல்லாம் கார், பேய், கவர்ச்சிப் பெண், விபத்து, சித்திரக்கதைக் கூத்து. நியூயார்க்கின் பெரிய கலைக்கூடங்கள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1979இல் அவருடைய ஓவியங்களைப் புத்தகமாகப் போடும் வாய்ப்பு வந்தபோது, தன்னைத்தானே கிண்டல் செய்து ‘ராபர்ட் வில்லியம்ஸின் லோபுரோ கலை’ என்று தலைப்பு வைத்தார்.

‘லோபுரோ’ என்றால் நேர்ப்பொருளில் தாழ்ந்த புருவம். நெற்றி உயரமாக இருந்தால் அறிவாளி, தாழ்ந்திருந்தால் மந்தம் என்று 19ஆம் நூற்றாண்டில் மண்டையை அளந்து மனிதரை எடைபோட்ட ஒரு பொய்யான சாத்திரம் மேலைநாடுகளில் இருந்தது. அதிலிருந்து பிறந்த வசவுச் சொல் இது. உயர்ந்த ரசனை உள்ளவர் உயர்புருவக்காரர். பாமர ரசனை உள்ளவர் தாழ்புருவக்காரர். உங்கள் அவமானச் சொல்லையே என் விருதாக வைத்துக்கொள்கிறேன் என்பதுதான் வில்லியம்ஸின் பதில்.

அவருடைய ஓவியம் ஒன்றின் பெயரையே ‘கன்ஸ் அண்ட் ரோசஸ்’ இசைக்குழு 1987இல் தன் முதல் இசைத்தொகுப்புக்கு வைத்து, அந்த ஓவியத்தையே அட்டையிலும் போட்டது. கடைக்காரர்கள் அதை விற்க மறுத்தார்கள். கடைசியில் ஓவியம் உள்பக்கத்துக்குப் போனது, வெளியே மண்டையோடுகள் பதித்த சிலுவை வந்தது.

கூலிக்கு வரைந்த பத்து ஆண்டுகள்

வில்லியம்ஸின் அந்தச் சர்ச்சை நடந்த அதே 1987இல்தான் ரைடன் பாசடீனா நகரில் உள்ள ஆர்ட் சென்டர் வடிவமைப்புக் கல்லூரியில் படிப்பை முடித்தார். அந்தக் கல்லூரி கார் வடிவமைப்புக்கும் விளம்பர ஓவியத்துக்கும் பெயர்போனது. அங்கே படித்தவருக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருக்கும்: வாடிக்கையாளர் வேண்டும் என்பதை, அவர் கொடுக்கும் அளவில், அவர் சொல்லும் நாளில் முடிக்க வேண்டும்.

1988 முதல் 1998 வரை ரைடன் பிழைத்தது இந்த வேலையில்தான். 1989இல் ‘ஏரோஸ்மித்’ குழுவின் ‘லவ் இன் அன் எலிவேட்டர்’ பாடல் தட்டுக்கு அட்டை வரைந்தார். 1991இல் ‘டேஞ்சரஸ்’. 1995இல் ‘ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ்’ குழுவின் ‘ஒன் ஹாட் மினிட்’. நடுவில் எத்தனையோ சின்ன வேலைகள்.

1996இல் வந்த ஒரு வேலை சுவாரஸ்யமானது. திகில் நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் அந்த ஆண்டு ஒரே நாளில் இரண்டு நாவல்களை வெளியிட்டார். ஒன்று சொந்தப் பெயரில் ‘டெஸ்பரேஷன்’, மற்றொன்று ரிச்சர்ட் பாக்மன் என்ற புனைபெயரில் ‘தி ரெகுலேட்டர்ஸ்’. இரண்டுக்கும் அட்டை ரைடன். இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு அட்டைகளும் சேர்ந்து ஒரே ஓவியமாகிவிடும். வாசகர் இரண்டையும் வாங்கினால்தான் படம் முழுமை பெறும். வியாபாரத் தந்திரமும் ஓவியத் திறமையும் இவ்வளவு அழகாகக் கைகோத்த இடம் குறைவு.

விளம்பர ஓவியர் என்ற நிலையின் சிக்கலை இங்கே விளங்கிக்கொள்ள வேண்டும். படத்தைக் கோடிப்பேர் பார்க்கலாம். ஆனால் பெரும்பாலோருக்கு அது பாடகரின் அட்டை, எழுத்தாளரின் அட்டை. ஓவியரின் பெயர் உள்ளே எங்கோ பொடி எழுத்தில் இருக்கும். கலைக்கூடக்காரர்களோ, கூலிக்கு வரைபவர் கலைஞர் இல்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். வருமானமும் வேண்டும், மரியாதையும் வேண்டும் என்றால் இரண்டும் ஒரே வாசலில் கிடைப்பதில்லை.

‘டேஞ்சரஸ்’ அட்டையை உற்றுப் பார்த்தால் ரைடனின் மனம் எங்கே இருந்தது என்று புரியும். அந்த நாயரசன் சும்மா வந்தவனல்ல. பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர 1806இல் வரைந்த, அரியணையில் அமர்ந்த நெப்போலியனின் புகழ்பெற்ற ஓவியத்தைப் பின்பற்றிய உருவம் அது. பாப் பாடகரின் கேசட் அட்டையில் 19ஆம் நூற்றாண்டு அரசவை ஓவியத்தை நுழைத்துவிட்டார். கேசட் வாங்கிய பையனுக்கு அது தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஏதோ பழைய கனமான ஒன்று படத்துக்குள் இருக்கிறது என்பது அவனுக்கும் தோன்றியிருக்கும்.

ஒரு சஞ்சிகை திறந்த கதவு

1994இல் ராபர்ட் வில்லியம்ஸும் நண்பர்களும் சேர்ந்து ‘ஜக்ஸ்டபோஸ்’ என்ற ஓவியச் சஞ்சிகையைத் தொடங்கினார்கள். பெரிய கலைக்கூடங்கள் ஒதுக்கியவர்களுக்காகவே வந்தது அது. கார் ஓவியர், பச்சை குத்துபவர், சித்திரக்கதைக்காரர், இசைத்தட்டு அட்டை வரைபவர், சறுக்குப் பலகைக்கு வண்ணம் தீட்டுபவர் எல்லாருக்கும் அதில் இடமிருந்தது. பின்னாளில் அமெரிக்காவில் அதிகம் விற்ற கலைச் சஞ்சிகைகளில் ஒன்றாக அது வளர்ந்தது.

அந்த முதல் ஆண்டிலேயே ரைடனின் ஓவியத்தை வில்லியம்ஸ் அட்டையில் போட்டார். ரைடனுக்குத் திருப்பம் அதுதான். ஜாக்சனின் அட்டை அவருக்குப் பணமும் தொழிற்பெயரும் கொடுத்திருக்கலாம். ஆனால் ‘இது மார்க் ரைடன் வரைந்தது’ என்று பெயர் சொல்லிப் பார்க்கும் கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தது ஒரு சின்னச் சஞ்சிகை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1998இல், பாசடீனாவில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி நடந்தது. பெயர் ‘தி மீட் ஷோ’, அதாவது இறைச்சிக் காட்சி. விளம்பர வேலையை நம்பிப் பிழைத்த காலம் அதோடு முடிந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஆல்ட்ரிச் அரும்பொருளகம் ‘பாப் சர்ரியலிசம்’ என்ற பெயரில் ஒரு கண்காட்சி நடத்தியது. ‘தாழ்புருவம்’ என்ற சொல்லைச் சொல்லக் கூசியவர்களுக்கு மரியாதையான ஒரு மாற்றுப்பெயர் கிடைத்தது. வில்லியம்ஸ் பழைய வசவைப் பிடித்துக்கொண்டிருந்ததும், மற்றவர்கள் புதுப்பெயருக்கு மாறியதும் தனிக்கதை.

அந்தப் பெயருக்கு விளக்கம் எளிது. சர்ரியலிசம் 1920களில் பாரிஸில் பிறந்தது. கனவில் வருவதுபோல் பொருந்தாத பொருள்களைச் சேர்த்து வரைவது. டாலியின் உருகும் கடிகாரத்தை நினைத்துக்கொண்டால் போதும். ‘பாப்’ என்பது மளிகைக்கடை, தொலைக்காட்சி, விளம்பரம், பொம்மை ஆகியவற்றிலிருந்து வருவது. ஆண்டி வார்ஹோல் சூப் டின்னை ஓவியமாக்கியது 1962இல். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், டாலியின் கனவுக்குள் மிட்டாய்க் கடையும் பொம்மைக் கடையும் நுழைந்துவிடும்.

ஏன் இந்த இறைச்சி?

ரைடனின் ஓவியத்தை முதன்முறை பார்ப்பவர் பெரும்பாலும் முகம் சுளிப்பார்; பிறகு கண்ணை எடுக்க மாட்டார். பெரிய கண்களும் வெளிறிய முகமும் கொண்ட சிறுமி. பட்டுப்போன்ற தோல், நாடா வைத்த கவுன், பழைய காலத்துக் கதைப்புத்தகப் படம்போல் இனிமை. பக்கத்தில் சிவந்து மின்னும் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு. அல்லது அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன். அல்லது தேனீ. அல்லது இயேசுநாதர். 2000ஆம் ஆண்டு வரைந்த ‘புட்சர் பன்னி’ ஓவியத்தில் முயல்தான் கசாப்புக்காரர்.

சைவப் பிரசாரமோ என்று கேட்டால், அப்படி எளிதாக முடித்துவிட முடியாது. இறைச்சி உயிருள்ள பிராணியிலிருந்து வந்தது என்பதை மனிதர் மறந்தே சாப்பிடுகிறார்கள்; அந்த மறதிதான் தன்னை ஈர்த்தது என்பது ரைடனின் நிலை. பேரங்காடியில் பிளாஸ்டிக் சுற்றிய தட்டில் கிடக்கும்போது அது வெறும் பொருள். அதையே பொன் சட்டத்துக்குள், புனிதர் படத்துக்குரிய ஒளியோடு வைத்தால் சட்டென்று அது உடம்பாகிவிடுகிறது. நம் உடம்பும் அதே பொருளால்தான் ஆனது என்ற எண்ணம் கூடவே வரும். அந்தச் சங்கடம் ஓவியத்தின் நோக்கமே.

2009இல் வரைந்த ‘இன்கார்னேஷன்’ என்ற ஓவியத்தில் ஒரு சிறுமி முழுக்க இறைச்சியால் ஆன கவுனை அணிந்து நிற்கிறாள். அது 2010இல் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பாடகி லேடி காகா எம்டிவி விருது விழாவுக்கு உண்மையான இறைச்சி உடையில் வந்து உலகச் செய்தியானார். இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையைப் பலரும் கவனித்தார்கள்.

வெறும் அதிர்ச்சிக்காக இதைச் செய்திருந்தால் இரண்டு ஆண்டில் மறந்திருப்பார்கள். ரைடனைத் தாங்கி நிற்பது கைத்திறன். அவர் வேலை செய்வது எண்ணெய் வண்ணத்தில், பழைய ஐரோப்பிய முறையில். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சு ஒன்று. அது காய்ந்த பிறகு அதன்மேல் இன்னொன்று. இப்படி அடுக்கடுக்காக ஏற்றும்போது ஒளி அடிப்பூச்சு வரை சென்று திரும்பி வரும். அதனால்தான் அந்தச் சிறுமிகளின் கன்னம் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரிகிறது. எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்கில் ஆகும். அவசரக்காரருக்கு ஏற்ற முறையல்ல. விளம்பர வேலையில் கெடு நெருக்கும். இங்கே ஓவியம் தன் நேரத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

சட்டங்களும் சாதாரணமானவை அல்ல. செதுக்கு வேலைப்பாடு நிறைந்த கனத்த சட்டங்கள், ஓவியத்தோடு சேர்த்தே திட்டமிடப்பட்டவை. 2003இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ‘பிளட்’ கண்காட்சியில் ஓவியங்கள் மிகச் சிறியவை. துயரமும் பயமும் பற்றியவை. அருகில் போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரியும். பெரிய சுவரில் சின்ன ஓவியத்தைத் தொங்கவிட்டுக் கூட்டத்தைக் குனியவைப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

2004 இறுதியில் சியாட்டல் நகரின் ஃப்ரை கலை அரும்பொருளகம் அவருடைய ஓவியங்களைத் திரட்டி ‘வொண்டர்டூனல்’ என்ற கண்காட்சியை நடத்தியது. 1952இல் திறக்கப்பட்ட அந்த அரும்பொருளகம் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியங்களுக்குப் பெயர்பெற்றது. ஒருகாலத்தில் கேசட் அட்டை வரைந்தவரின் படங்கள் அந்தச் சுவர்களில் ஏறின, கூட்டமும் திரண்டது. ரைடனின் முறையைப் பார்த்தால் அந்த வீட்டில் அவர் விருந்தாளியாகத் தோன்றவில்லை, உறவுக்காரராகத்தான் தோன்றினார்.

2007இல் ‘தி ட்ரீ ஷோ’. கலிபோர்னியாவின் மாபெரும் செக்கோயா மரங்கள் அதன் மையம். மூவாயிரம் ஆண்டு வாழக்கூடிய மரத்தைச் சிலர் கோயிலாகப் பார்க்கிறார்கள், சிலர் பலகையாகப் பார்க்கிறார்கள், சிலர் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் இடமாகப் பார்க்கிறார்கள். மரத்தை நம்பிப் பிழைத்த தோட்டத்துக் குடும்பங்களுக்கு இந்த மூன்று பார்வையும் புதிதாக இருக்காது. 2009இல் தோக்கியோவில் பனியும் எருமையுமாக ‘ஸ்னோ யாக்’ காட்சி. 2016 இறுதியில் ஸ்பெயினின் மலாகா நகரில் அவருடைய இருபதாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பைத் தொகுத்த கண்காட்சி.

“இனிப்பு அதிகம்”

எதிர்ப்பாளர்கள் இல்லாமல் இல்லை. இது கலையல்ல, பளபளப்பான அலங்காரப் பொருள் என்பது ஒரு குற்றச்சாட்டு. சிறுமிகளின் உருவத்தை இரத்தத்தோடும் இறைச்சியோடும் சேர்த்துத் திரும்பத் திரும்ப வரைவது உறுத்துகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதை எளிதில் தள்ளிவிட முடியாது. பிள்ளை பெற்றவர் எவருக்கும் அந்த ஓவியங்களில் சிலவற்றைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். ஓவியர் அந்தச் சிறுமிகளை ஆன்மாவின் உருவமாக எண்ணி வரைந்தாலும், பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் படுவது குழந்தைதான்.

முதல் குற்றச்சாட்டுக்கு ரைடன் ஓவியத்திலேயே பதில் சொன்னார். 2010இல் நியூயார்க்கில் நடந்த ‘தி கே நைன்டீஸ்’ கண்காட்சியின் பொருள் 1890களின் அமெரிக்கா: மிதிவண்டி, குடை, குதிரைவண்டி, தொப்பி வைத்த சீமாட்டி. பழங்கால ஏக்கம் என்று அறிவாளிகள் இதைவிட ஏளனமாகப் பார்க்கும் காலம் அமெரிக்காவில் வேறில்லை. வேண்டுமென்றே அதை எடுத்து, தன் முழுத் திறமையையும் அதில் கொட்டினார். இனிமையாக இருப்பதும் மனதைத் தொடுவதும் ஏன் கலைக்கு ஆகாத குணங்கள் என்ற கேள்வி அது. 2014இல் இதன் தொடர்ச்சியாக ஓர் இசைத்தட்டும் வந்தது. 1892இல் எழுதப்பட்ட ‘டெய்ஸி பெல்’ என்ற பழைய பாட்டு ஒன்றையே கேட்டி பெர்ரி, டைலர் தி கிரியேட்டர் முதலிய பலர் ஆளுக்கொரு விதமாகப் பாடினார்கள். அச்சிட்டது 999 தட்டுகள் மட்டுமே.

மேடை ஏறிய ஓவியம்

2017 மார்ச்சில் கலிபோர்னியாவின் கோஸ்டா மேசா நகரில் அமெரிக்கன் பாலே தியேட்டர் ‘விப்ட் கிரீம்’ என்ற நடன நாடகத்தை அரங்கேற்றியது. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இசையமைத்து 1924இல் வியன்னாவில் முதலில் மேடையேறிய நாடகம் அது. ஒரு சிறுவன் இனிப்புக் கடையில் கிரீமை அளவுக்குமேல் தின்று நோயில் விழுகிறான், மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள், அங்கிருந்து பிராலின் இளவரசி அவனைத் தன் இனிப்பு உலகத்துக்கு மீட்டுச் செல்கிறாள். ரஷ்யாவில் பிறந்த அலெக்ஸி ரத்மான்ஸ்கி நடனத்தை அமைத்தார். மேடைக்காட்சியும் உடைகளும் மார்க் ரைடனுடையவை.

தனியாக அறையில் உட்கார்ந்து மெல்லிய பூச்சுகளைக் காயவைக்கும் மனிதருக்கு இது முற்றிலும் வேறு வேலை. தையற்காரர், தச்சர், முகமூடி செய்பவர், விளக்குக்காரர் எல்லாரும் சேர வேண்டும். ஆடுபவர் குதிக்க வேண்டும், உடை கிழியக்கூடாது, பெரிய தலையை மாட்டிக்கொண்டு மூச்சும் விட வேண்டும். அவருடைய ஓவியங்களில் உலவிய பெருந்தலை மனிதர்களும் வெண்பனி எருமையும் உண்மையிலேயே மேடையில் நடந்து வந்தன. கொடுத்த கதைக்கு, குறித்த தேதிக்குள், பலரோடு ஒத்துழைத்து வரையும் பழக்கம் அந்தப் பத்தாண்டு விளம்பர வேலையில் பழகியது. அது இங்கே கைகொடுத்திருக்க வேண்டும். அதே ஆண்டு மே மாதம் நாடகம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓப்பரா அரங்குக்குச் சென்றது.

ரைடனின் மனைவி மேரியன் பெக்கும் இதே வகை ஓவியத்தில் பெயர்பெற்றவர். இன்று இந்தப் பாணியில் வரையும் இளைஞர்கள் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் நிறையவே இருக்கிறார்கள். பெரிய கண், சோக முகம், பொருந்தாத பிராணி என்ற வெளித்தோற்றத்தைப் பிடிப்பது சுலபம். அடுக்கு அடுக்காகப் பூசும் பொறுமையைப் பிடிப்பவர்கள்தான் குறைவு.

1994இல், இன்னும் அட்டை வரைந்து பிழைத்துக்கொண்டிருந்த நாளில், ரைடன் ‘செயின்ட் பார்பி’ என்று ஓர் ஓவியம் தீட்டினார். பொம்மைக் கடையின் பார்பி அதில் புனிதராகக் காட்சி தருகிறாள், ஒரு சிறுமி வணங்குகிறாள். 28 ஆண்டுகள் கழித்து, 2022இல், பார்பியைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனமே ரைடனோடு சேர்ந்து அவர் வடிவமைத்த பார்பி பொம்மைகளை வெளியிட்டது.